கூண்டுப் பைப்பில் பத்து எம்.எம். ஓட்டை

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை அறுக்கச் சொல்லி மச்சான் என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். போடியிலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர். அன்று காலைகூட அதே ஜீப்பில் பதினாலு பேரை ஏற்றி இறக்கிவிட்டு வந்திருந்தார். பின்பெஞ்சுக்கு அடியில் யாரோ மறந்துவிட்டுப்போன தூக்குவாளி ஒன்று உருண்டுகொண்டிருந்தது.

"பின்னாடி பெஞ்ச எடுத்துரு மாப்ள. மேல கம்பி, படுதா எல்லாத்தையும் வெட்டிரு."

"ஆளு எங்கன மச்சான் உக்காரும்?"

"ஆளு உக்காராது. நான் ராலி ஓட்டப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே இன்னொருவர் வந்து இறங்கினார். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூரில் படித்த காலத்திலிருந்து ராலி வண்டிகளில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவராம். நேவிகேட்டர் என்பார்கள். ஒருநாள் மழையிலும் மூடுபனியிலும் மச்சானோடு மெட்டிலிருந்து இறங்கியிருக்கிறார். கீழே வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ராலி ஓட்டுறீங்களா?"

அவர்தான் எனக்கு விளக்கினார். ஒரு மண்ரோட்டை அடைத்துவிடுவார்கள். நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். அப்படி ஒரு ஓட்டத்துக்குப் பெயர் ஸ்டேஜ். ஒரு ராலியில் ஏழெட்டு ஸ்டேஜ் இருக்கும். நடுநடுவே சர்வீஸ் என்று ஒரு இடத்துக்கு வண்டி வரும். அங்கே என்னைப் போன்ற ஆட்கள் கொடுத்த நேரத்துக்குள் ரிப்பேர் பார்த்து அனுப்ப வேண்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேட்டு, ஜன்னல் கிரில், ஜீப் பாடி, இவைதான் என் வேலை. பட்டறையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவை இழுப்பேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, வேகமாக ஓடி உருளக்கூடிய ஒரு வண்டியைச் செய்யச் சொன்னார்கள்.

அறுத்தேன். தோட்டத்து ட்ரிப்புக்கு வேறு ஒருவருடைய ஜீப்பை ஓட்டிக்கொள்கிறேன் என்றார் மச்சான். பெஞ்சும் கம்பியும் போனபின் வண்டி மொட்டையடித்த பிள்ளை மாதிரி நின்றது.

முதல் சோதனை மார்க்கையன்கோட்டைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில். தோட்டத்து ஜீப்புகளுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் அடுக்கியிருக்கும், பதினாலு பேர் பாரம் தாங்க. அந்தப் பட்டைகளோடு காலி வண்டியை ஓட்டினார். முதல் மேட்டில் நாலு சக்கரமும் மண்ணை விட்டு எழும்பின. இறங்கும்போது பின்பக்கம் இரண்டாவது தடவை குதித்தது. நேவிகேட்டர் இறங்கி, கருவேல மரத்தடியில் போய் வாந்தி எடுத்தார்.

"பாரமில்லாம வண்டி பேச மாட்டேங்குது" என்றார் மச்சான். "ரெண்டு மூட்டை மணலத் தூக்கிப் போடுலே."

மணல் மூட்டை போட்டால் அவர் ஓட்டுவது அத்தனை அழகு. வளைவில் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டு, முன்சக்கரத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைப்பார். ஆனால் போட்டியில் மணல் மூட்டையோடு ஓட விடுவார்களா? இருபது வருஷமாகப் பாரத்தோடு மட்டுமே மலை இறங்கிய மனுஷன் காலி வண்டியைப் பழக ஆறு மாதம் ஆனது. நான் ஸ்பிரிங்கிலிருந்து ஒவ்வொரு பட்டையாக எடுத்தேன். ஒன்று எடுத்தால் கண்மாய். இன்னொன்று எடுத்தால் மறுபடி கண்மாய். சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர் போதவில்லை என்று இரண்டிரண்டாக வைத்தோம். அதற்கு நான் அடித்த பிராக்கெட் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. பார்த்தால் என் வெல்டு அப்படியே இருக்கிறது, சேஸ் தகடு கிழிந்திருக்கிறது. இரும்பு அப்படிக் கிழியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் கூண்டு. வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே பைப்பால் ஒரு கூண்டு கட்ட வேண்டும். மற்றதெல்லாம் வேகத்துக்கு, இது ஒன்றுதான் உயிருக்கு. ராலி விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நேவிகேட்டர் எனக்கு வேண்டியதை மட்டும் படித்துச் சொன்னார். பைப் எவ்வளவு கனம், எங்கெங்கே எத்தனை குறுக்குப் பைப், எப்படி வளைக்க வேண்டும். நான் வழக்கம்போல் மணல் அடைத்துத் தீயில் காட்டி வளைக்கலாம் என்றேன். கூடாது, குளிரவே மிஷினில்தான் வளைக்க வேண்டும் என்றார். மதுரைக்குப் போய் வளைத்துக் கொண்டுவந்தோம்.

ஒவ்வொரு இணைப்பையும் வெல்டு அடித்து, தட்டிப் பார்த்து, சாக்பீஸால் ஒரு டிக் போட்டேன். கூண்டு தரையில் ஊன்றுகிற வலதுபக்க முன்காலின் அடித்தகட்டில் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்தபிறகு பழைய வெல்டைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். இருந்தாலும் அந்த ஒரு இணைப்பு என் மனசில் முள்ளாக இருந்துவிட்டது. சோற்றில் கை வைத்தால் அந்த ஞாபகம். பல் தேய்த்தால் அந்த ஞாபகம். மச்சானிடம் சொன்னேன்.

"நீ தாலி கட்டயிலேயே முடிச்சு சரியா விழுந்துச்சான்னு திரும்பிப் பாத்த ஆளு" என்றார். "வெல்டெல்லாம் நல்லாத்தேன் இருக்கும். போய் டீ சொல்லு."

முதல் ராலி கோயம்புத்தூர்ப் பக்கம். கடைசிக்கு முந்தின இடம். பிரேக் புகைந்து, வண்டி வரும் முன்னே வாசனை வந்தது. இரண்டாவது, கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்துச் சாலைகளில். ஒரு கல் இன்ஜினின் அடிவயிற்றைக் கிழித்தது. அதற்கப்புறம் பழைய அரிசி ஆலைத் தகட்டில் அடியில் ஒரு கவசம் செய்து மாட்டினேன். மூன்றாவதில் வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆனால் ஒரு வளைவில் தட்டாமாலை மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி, பாறைக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் நின்றது. யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். அந்த வீடியோ போன் போனாகப் போய் என் அக்காவின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

அக்கா அங்கன்வாடி டீச்சர். பன்னிரண்டு வரை படித்தவள். வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏலே, இதென்னது?"

"சுத்திருச்சுக்கா. ஒண்ணும் ஆகல."

"ஆகியிருந்தா? மெட்டு ஏறுற ஜீப்பு எல்லாத்துலயும் கண்ணாடிக்கு மேல சாமி இருக்கு. இதுல மட்டும் மொட்டையா இருக்கு. நீதேன் செஞ்ச. நீதேன் வைக்கணும். இல்லாட்டி அவுக அந்த வண்டியில ஏறக் கூடாது."

பழனியிலிருந்து கொண்டுவந்த ஒரு சாண் உயரப் பித்தளை வேல் ஒன்றைக் கொடுத்தாள். கண்ணாடிக்கு மேலே இருந்தது கூண்டின் குறுக்குப் பைப்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, ராகுகாலம் வருவதற்கு முன்னால், அக்கா சூடம் காட்டினாள். நான் குளித்துவிட்டு வந்திருந்தேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். டிரில் மிஷினுக்கு விபூதி பூசி, பைப்பின் நடுவில் பத்து எம்.எம். ஓட்டை ஒன்று, மேலிருந்து கீழ் வரை ஊடுருவப் போட்டேன். போல்ட்டை இறக்கி, கீழே நட்டை முறுக்கினேன். வேல் ஆடாமல் நின்றது. நட்டு யார் தலையிலும் இடிக்கக் கூடாதே என்று பைப்பைச் சுற்றிக் கறுப்பு ஃபோம் சுற்றி டேப் ஒட்டினேன். அவ்வளவு கவனம் எனக்கு.

ஜன்னல் கிரில்லில்கூட நடுக்கம்பியில் ஓட்டை போடச் சொன்னால் போட மாட்டேன். பலம் போய்விடும் என்று வீட்டுக்காரர்களிடம் வாதாடுவேன். இருபத்தைந்து வருஷமாக இரும்போடு கிடக்கிறவன். அன்று அது என் புத்தியில் தட்டவே இல்லை. நான் வேலை செய்துகொண்டிருக்கவில்லை, சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். செருப்புப் போட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

வேல் வைத்தபின் ஓடிய ராலியில் எங்கள் பிரிவில் மூன்றாம் இடம். ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். அக்கா அதில் சந்தனம் வைத்தாள்.

அதற்கடுத்த ராலி கர்நாடகத்தில், தைல மரக் காட்டுக்குள். போட்டிக்கு முன் ஒரு அதிகாரி வண்டியைச் சோதிப்பார். என் உயிர் என்னிடம் இல்லை. அவர் வலதுபக்க முன்காலைத் தட்டினார், குனிந்து பார்த்தார், எழுந்தார். ஃபோம் சுற்றிய பைப்பின் மேல் இருந்த வேலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. முன்கால் பாஸாகிவிட்டது.

மூன்றாவது ஸ்டேஜ் முடிந்து பதினொன்றே காலுக்கு எங்கள் வண்டி சர்வீஸுக்கு வர வேண்டும். தார்ப்பாய் விரித்து, ஜாக்கி வைத்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கியிருந்தேன். பதினொன்றே கால் ஆனது. எங்களுக்கு அடுத்துப் புறப்பட்ட வண்டி வந்து நின்றது. அதை ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைப் பார்த்து நடந்து வந்தார்.

"அண்ணா, உங்க வண்டி உருண்டுருச்சு. மூணு உருட்டு. நேவிகேட்டர் வெளிய வந்துட்டார்."

"எங்க மச்சான்?"

"ஆம்புலன்ஸ் போயிருக்கு."

என் கேள்விக்கு அது பதில் இல்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். அளவு பார்த்து வரிசையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன்கால் விட்டுவிட்டது, முன்கால் விட்டுவிட்டது என்றே வாய் சொல்லிக்கொண்டிருந்ததாம். பக்கத்து வண்டி மெக்கானிக் பிற்பாடு சொன்னார்.

ஆம்புலன்ஸ் எங்களைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். கழுத்தில் பட்டை போட்டு மச்சானைப் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம். கண் திறந்திருந்தது.

"மாப்ள, வண்டி எப்படிக் கெடக்கு?"

கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் நேராக வலதுபக்க முன்காலுக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். அசையவில்லை. நான் போட்ட சாக்பீஸ் டிக்கூட அழியவில்லை. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். எதுவும் விடவில்லை. ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததென்று சொன்னால் கேவலம், ஆனால் உண்மை. அப்புறம் நிமிர்ந்து டிரைவர் சீட்டுக்கு மேலே பார்த்தேன்.

கண்ணாடிக்கு மேலிருந்த குறுக்குப் பைப் நடுவில் மடங்கி, கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தது போலச் சீட்டுப் பக்கம் இறங்கியிருந்தது. ஃபோம் கிழிந்து தொங்கியது. மடங்கிய இடத்தில் சரியாக, அளவெடுத்தாற்போல, என் ஓட்டை. வட்டமாக இருந்தது நீளவாக்கில் கிழிந்து, கண் மாதிரி என்னைப் பார்த்தது. சீட்டில் அவருடைய ஹெல்மெட் கிடந்தது. அதன் உச்சியில் ஒரு பிளவு.

நேவிகேட்டர் கையில் கட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். ஃபோமை விலக்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இத அப்பறம் பேசுவோம்ணே" என்றார்.

மச்சானுக்குக் கழுத்தெலும்பில் விரிசல். இடதுகையில் கடைசி இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. ஹெல்மெட் இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அங்கேதான் எனக்கு அடுத்த அடி. பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே பேச்சுப் பேசினார்கள். மூன்று உருட்டு உருண்டும் ஆள் பிழைத்தார் என்றால் அது வேல்தான். கெங்குவார்பட்டியிலிருந்து வந்த அத்தை ஒருத்தி வேலைப் பார்த்தே தீர வேண்டும் என்றாள். அக்கா அதைக் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கழுத்து சரியானதும் அவுக திரும்ப ஓட்டத்தேன் போறாக. நிறுத்துன்னா நிக்கிற ஆளா? போகட்டும். எனக்குப் பயமில்ல. புதுக் கூண்டு செய்யயில ஒரு மொழத்துக்கு வேலு அடிச்சு, நல்லா ஆழமா முடுக்கி வச்சிரு."

நல்லா ஆழமா. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் என் பைக்கை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால், என் அக்கா நிம்மதியாக அவரை அதே மாதிரி ஒரு பைப்புக்குக் கீழே உட்காரவைத்து அனுப்புவாள்.

மறுநாள் அவள் அங்கன்வாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். மச்சான் கழுத்துப்பட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். வெல்டு விடவில்லை, ஓட்டைதான் மடக்கியது, நான்தான் போட்டேன், உங்கள் தலையில் அடித்தது நான்தான்.

அவர் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும் மாப்ள."

"வண்டியப் பாத்தீகளா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். நீ வேலு வச்ச அடுத்த நாளே அந்த நேவிகேட்டர் தம்பி சொல்லிட்டாப்ல. கூண்டுப் பைப்புல தொள இருக்கக் கூடாது, புஸ்தகத்துல இருக்கு, பைப்ப மாத்தணும்னு. நாந்தேன் வேணாம்னேன்."

"ஏன் மச்சான்?"

"வேலக் கழட்டுனா ஒங்கக்கா என்னைய ஏற விடுவாளா? ஒங்கிட்டச் சொன்னா நீ வண்டியையே பூட்டி வச்சிருவ. ஒனக்குத்தேன் நட்டு லூசுன்னாலே காய்ச்ச வருமே." சிரிக்கப் பார்த்தார், கழுத்து வலித்து நிறுத்திக்கொண்டார். "உருள மாட்டேன்னு நெனச்சேன். அம்புட்டுத்தேன். அவகிட்டச் சொல்லாத. அந்த நம்பிக்கையில அவ இருக்கட்டும்."

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பயம் இருந்ததே இல்லை. மச்சானுக்குத் தன் உயிர் மேல் ஆசை இருக்கும் என்பதுதான் அது. தெரிந்துகொண்டே இரண்டு ராலி அந்தப் பைப்புக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். நான் முன்காலை நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்த நாட்களில், அவரும் நேவிகேட்டரும் வேறொன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு என் எதிரில் டீ குடித்திருக்கிறார்கள்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். எனக்குச் சோறு கொண்டுவந்தவளைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பழைய கூண்டைக் காட்டினேன். அவள் மடங்கிய பைப்பின் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். கிழிந்த விளிம்பு கீறிவிடும் என்று நான் கையைப் பிடித்தேன். உதறினாள்.

"ஓட்ட போட்டா பலம் போகும்னு ஒனக்குத் தெரியாதாலே?"

"தெரியும்க்கா."

"பெறகு?"

"நீ சூடம் காட்டுன. நான் போட்டேன்."

சுண்டுவிரலை முந்தானையில் துடைத்தாள். "அவுகளுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியுமென்றேன், பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனாள். இருபது நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. வீட்டில் மச்சானுக்குத் தட்டு வைப்பாளாம், கஞ்சி ஊட்டுவாளாம், வாய் மட்டும் திறக்க மாட்டாளாம். அவள் நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்று அவர் என்னிடமே வந்து அழுதார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

கழுத்துப்பட்டை கழன்றது. விரல் இரண்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன, ஸ்டியரிங் பிடிக்கத் தடையில்லை என்கிறார். புதுப் பைப் மதுரையிலிருந்து வளைந்து வந்து இறங்கியது. வேலை தொடங்கின காலையில் மச்சான் வந்தார், நேவிகேட்டர் வந்தார். கொஞ்சம் கழித்து அக்கா வந்தாள். யாரையும் பார்க்காமல் நேவிகேட்டரிடம் கையை நீட்டினாள்.

"அந்தப் புஸ்தகத்தக் குடுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூண்டு பற்றிய பக்கத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி, தெரியாத சொல்லைப் போனில் தேடி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். துளை பற்றிய வரி வந்தது. நிறுத்தினாள். போனில் பார்த்தாள். ஒரு தடவை சத்தமாகச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். மச்சான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நேவிகேட்டர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் வெல்டிங் ராடு இருந்தது, மிஷின் இரைந்துகொண்டிருந்தது. வெல்டு அடிக்கலாமா, மிஷினை அணைத்துவிடட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

"வாசல்ல நிக்கிறவுகளையும் உள்ள வரச் சொல்லு" என்றாள் என்னிடம். "இன்னும் பத்துப் பக்கம் இருக்கு."

மச்சான் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.